‘இங்கே’ எங்கே?

“இன்னொரு தடவை போடுங்க, மதாம்,” என்றாள் இன்ஷிராஹ்.

பின்சீட்டில் இருந்த ரத்கா கைப்பேசியை நீட்டினாள். அவசரத்தில் ஒலிப்பதிவுக்குப் பதில் யார் வீட்டுக் குழந்தையோ கேக் வெட்டும் படம் திறந்துகொண்டது. பல்கேரிய மொழியில் ஏதோ திட்டிவிட்டு மறுபடி அழுத்தினாள்.

“இன்னும் ஒரு தடவை கேட்டா நானே இங்கிலீஷ்ல பாஸாயிடுவேன், உஸ்தாஸா,” என்றான் பயூமி, ஸ்டீயரிங் மேல் தாடையை வைத்தபடி. “வருஷா வருஷம் அந்தப் பாடத்துலதான் நான் மண்ணைக் கவ்வினேன்.”

“வாயை மூடு. கேளு.”

கறுப்பும் மஞ்சளுமான அந்தப் பழைய லாடா டாக்ஸி அஸாஃப்ராவில் ஒரு சந்துக்குள் ஒண்டியிருந்தது. காலையிலிருந்தே தெற்கிலிருந்து மணல்காற்று. கண்ணாடியை ஏற்றினால் வேகிறது, இறக்கினால் பல்லில் மணல் நெறிபடுகிறது. ரத்கா ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள்.

இன்ஷிராஹ் ஒரு காலத்தில் அலெக்ஸாண்ட்ரியா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். இப்போது வக்கீல்களுக்கு ஆள் தேடித் தருவாள், சாட்சி தேடித் தருவாள், சில சமயம் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித் தருவாள். அவளை மரியாதையாக ‘உஸ்தாஸா’ என்று கூப்பிடும் பயூமி அவளுக்கு டிரைவர், உதவியாளர், தலைவலி மூன்றும். காருக்கு வாடகை உண்டு. வாய் இலவசம்.

ரத்காவின் கணவர் நாகி ஷம்ரூக்கைத் தெரியாத வீடு அந்த ஊரில் இல்லை. ‘மிஸ்டர் ஷம்ரூக்’ என்றால் இங்கிலீஷ் இலக்கணம். பேருந்துகளின் முதுகில் எல்லாம் அவர் முகம். பள்ளி இறுதித் தேர்வுக்கு முன்னால் விளையாட்டரங்கத்தை வாடகைக்கு எடுத்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகளை உட்கார வைத்து, ஒரே மாலையில் பாடம் முழுவதையும் ஓட்டிக் காட்டுவார். மைக் நின்றுபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். இந்த வருஷக் கூட்டம் நாளை சாயங்காலம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை, புத்தகம் அச்சாவதைப் பார்க்க கெய்ரோ போகிறேன் என்று கிளம்பினவர் திரும்பவில்லை. ஃபோன் அணைந்திருக்கிறது. செவ்வாய் மதியம் இந்தக் குரல் செய்தி மட்டும் வந்தது. பேசினவர் லம்லூம். ஷம்ரூக்கின் வலதுகை, அவருடைய டியூஷன் மையத்தில் இங்கிலீஷ் நடத்துகிறவர். ரத்காவின் அரபி டாக்ஸி, காய்கறிக் கடைப் பேச்சோடு நின்றுவிடும் என்பதால் செய்தி இங்கிலீஷில் இருந்தது.

காருக்குள் லம்லூமின் குரல் மணி மணியாக ஒலித்தது.

*மேடம், சற்று முன்பு மிஸ்டர் ஷம்ரூக் என்னிடம் கிசுகிசுத்தார். தான் நலமாக இருப்பதாகவும், அந்த வாரம் முழுவதும் தனக்கு வேலை இருப்பதாகவும், மறுநாள் தன்னை யாரும் தேட வேண்டாம் என்றும், இங்கே தனக்கு ஒரு குறையும் இல்லை என்றும் தெரியப்படுத்தினார்.*

“போலீஸ்ல என்ன சொன்னாங்க?” என்று கேட்டாள் இன்ஷிராஹ்.

“சிரிச்சாங்க. வளர்ந்த ஆம்பளை, சேதியும் அனுப்பியிருக்கார், நீங்க போய் சமைங்கன்னாங்க.” ரத்கா கண்ணாடியை இறக்கினாள். “கிசுகிசுத்தாராம்! நாகி கிசுகிசுப்பானா? என் காதுல ரகசியம் சொன்னாலே மாடிவீட்டுக்காரி மறுநாள் என்னைப் பார்த்துச் சிரிப்பா. பக்கத்துல யாரோ நின்னு மிரட்டியிருக்கான். அதான் கிசுகிசுப்பு.”

“அது இருக்கட்டும். நான் அந்தச் சொல்லைப் பிடிக்கலை.” இன்ஷிராஹ் முன்சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள். “உங்க வீட்டுக்காரர் வாயிலேர்ந்து வந்தப்போ இது எப்படி இருந்திருக்கும்? ‘நான் நல்லா இருக்கேன். இந்த வாரம் முழுக்க வேலை. நாளைக்கு என்னைத் தேட வேண்டாம். இங்கே ஒரு குறையும் இல்லை.’ அதை லம்லூம் மாத்திச் சொல்றார். ‘நான்’ தானாச்சு. ‘இந்த வாரம்’ அந்த வாரமாச்சு. ‘நாளைக்கு’ மறுநாள் ஆச்சு. எல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தபடி. ‘இங்கே’ என்ன ஆகணும்?”

“அங்கே,” என்றாள் ரத்கா மெதுவாக.

“ஆகலையே.”

பயூமி தலையைத் தூக்கினான். “உஸ்தாஸா, ஒரு சொல்லு நழுவினதுக்கு ஒரு மனுஷனைச் சந்தேகப்படலாமா? என் மாமியார் சொன்னதை என் பொண்டாட்டி எனக்குச் சொல்றப்போ எவ்வளவோ மாறுது. திட்டு மட்டும்தான் அப்படியே வருது.”

“உன் பொண்டாட்டி இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. இந்த மனுஷன் பதினஞ்சு வருஷமா இதைத்தான் தின்னு இதைத்தான் தூங்கறார். அவருக்கு எப்போ ‘இங்கே’ மாறாம நிக்கும் தெரியுமா? சொன்னவர் எந்த இடத்துல இருந்தாரோ, அதே இடத்துல நின்னு அவரும் சொன்னா.”

ரத்கா ஏற்றிய கண்ணாடியை மறுபடி இறக்கினாள்.

“ஆனா அப்புறம் நான் கேட்டப்போ லம்லூம், நாகி கெய்ரோலேர்ந்து ஃபோன் பண்ணினான்னு இல்ல சொன்னார்!” என்றாள் ரத்கா. “எங்க பல்கேரியன்ல இந்தத் தொல்லையே இல்லை. கண்ணால பார்த்ததுக்கு ஒரு வினைச்சொல், அடுத்தவங்க சொல்லிக் கேட்டதுக்கு வேற ஒண்ணு. லம்லூம் எங்க மொழியில பேசியிருந்தா அப்பவே கழுத்தைப் பிடிச்சிருப்பேன்.”

“இன்னும் பிடிக்க வேண்டாம். வெறும் நழுவலா இருந்தா?” இன்ஷிராஹ் கதவைத் திறந்தாள். “போய்ப் பார்த்துட்டு வரேன். பயூமி, நீ டீக்கடையில உட்காரு. செவ்வாய்க்கிழமை மதியம் லம்லூம் எங்கே இருந்தார்னு கேளு.”

“டீக்காரன் சொல்றதை அப்படியே சொல்லணுமா, மாத்திச் சொல்லணுமா?”

அவள் கதவை அறைந்து சாத்தினாள்.

சந்தின் கோடியில் இருந்த மையக் கட்டடத்தின் சுவரில் நாளைய கூட்டத்துக்கான சுவரொட்டி. ஷம்ரூக்கின் முகம் இருந்த இடத்தில் வேறொரு தாள் புதிதாக ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. அதில் லம்லூம் சிரித்தார். நின்று ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் இன்ஷிராஹ் படியேறினாள்.

லிஃப்ட் ஓடவில்லை. மாடிப்படி முழுக்கப் பிள்ளைகள், மடியில் தாள், கையில் ஈரல் சாண்ட்விச். மையத்துக்குள் இங்கிலீஷ் மட்டும்தான் பேசலாம். அரபி பேசிவிட்டால் எல்லார் முன்னாலும் ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது ஷம்ரூக் போட்ட சட்டம். அவர் இல்லாதபோதும் எல்லாரும் அதற்கு பயந்துகொண்டிருந்தார்கள்.

லம்லூம் வரவேற்பு மேஜை பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒல்லி உடம்பு, தூங்காத கண், இஸ்திரி கலையாத சட்டை.

“என் பொண்ணுக்கு நாளைக்கு இடம் வேணும்,” என்றாள் இன்ஷிராஹ் இங்கிலீஷில், மூச்சு வாங்க. “நேத்து உங்க இன்னொரு கிளைக்கு, பக்கத்து மியாமிப் பேட்டைக்குப் போனேன். ‘இங்கே இடமில்லை, நாளைக்கு வாங்க’ன்னாங்க.”

லம்லூம் மேஜைப் பெண் பக்கம் திரும்பினார். “இந்த அம்மாவிடம் மியாமியில் அங்கே இடமில்லை என்றும் மறுநாள் வரும்படியும் சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது பார்த்துக் கொடு.”

இன்ஷிராஹ் முகத்தைத் துடைக்கிற சாக்கில் புன்னகையை மறைத்தாள். ‘இங்கே’ அங்கேயாகிவிட்டது. நேற்று சொன்ன ‘நாளைக்கு’, கண்ணிமைக்கும் முன் ‘மறுநாள்’ ஆகிவிட்டது. மனுஷன் தூக்கத்திலும் தவறமாட்டார்.

“லிஃப்ட் வேற ஓடலையே, மிஸ்டர்.”

“இங்கே மறுநாள் வரை லிஃப்ட் ஓடாது என்று வாசல்காரர் காலையில் சொன்னார்.”

இதே கட்டடம். அதனால் ‘இங்கே’ அப்படியே நின்றது, ‘நாளை’ மட்டும் மறுநாளானது. எங்கே மாற்ற வேண்டும், எங்கே தொடக்கூடாது என்று தராசில் நிறுத்த மாதிரி.

“மிஸ்டர் ஷம்ரூக் எப்படி இருக்கார்? பொண்ணு கேட்டுட்டே இருக்கா.”

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். “நலமாக இருப்பதாகச் சொன்னார்.”

“எங்கே இருக்காராம்?”

“கெய்ரோவில்.” பேனா மூடி கீழே விழுந்து உருண்டது. அவர் குனிந்து தேட ஆரம்பித்தார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

அவள் படியிறங்கி வரும்போது பயூமி கார் ஓரத்தில் நின்று தர்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தான்.

“டீக்காரன் சொன்னான், அதாவது சொன்னதாகவும் என்றும் ஆகவும்...”

“பயூமி!”

“சரி, சரி. செவ்வாய்க்கிழமை காலை வகுப்பும் எடுத்திருக்கார், சாயங்கால வகுப்பும் எடுத்திருக்கார். மதியம் மட்டும் அவரோட வெள்ளைக் காரை எடுத்துட்டுப் போயிருக்கார். திரும்பி வந்து டீ குடிக்கறப்போ ஷூவைக் கழட்டிக் கவுத்தினாராம். ஒரு கரண்டி மணல் கொட்டிச்சாம். வெள்ளை மணல்.”

“கெய்ரோ போய் வர மதியம் பத்தாது.”

“கெய்ரோல கடலும் இல்லை.”

ரத்கா இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என் நாகி பக்கத்துலதான் எங்கேயோ இருக்கான். அந்த லம்லூம் கூடவே நின்னு அந்தச் செய்தியைப் பேசியிருக்கான். சுவரொட்டியில நாகி முகத்தை எடுத்துட்டு இவன் முகத்தை ஒட்டியாச்சு. நாளைக்குக் கூட்டம் இவனோடது. அப்படித்தானே?”

அப்படித்தான் என்று இன்ஷிராஹின் மனசும் சொல்லிக்கொண்டிருந்தது. அதைவிடக் கூர்மையாக ஒரு பெருமையும் உள்ளே குடைந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு சொல்லை வைத்து ஒரு குற்றவாளியைப் பிடித்துவிட்டோம் என்ற பெருமை.

வகுப்பு விட்டதும் லம்லூம் வெளியே வந்தார். நாலா பக்கமும் பார்த்தார். வெள்ளைக் கார் கிளம்பியது. அலெக்ஸாண்ட்ரியாவில் ஒருத்தனைப் பின்தொடர டாக்ஸியை விட நல்ல வேஷம் கிடையாது. கடற்கரைச் சாலையில் முன்னாலும் பின்னாலும் அதே கறுப்பு மஞ்சள்தான். ஆனால் போக்குவரத்து ஊர்ந்தது. அலை தடுப்புச்சுவரில் மோதித் தெறித்தது. ரத்கா ஒவ்வொரு சிக்னலிலும் காலால் இல்லாத பிரேக்கையும் இல்லாத ஆக்ஸிலேட்டரையும் மாறி மாறி மிதித்தாள்.

“மதாம், தரையில ஓட்டை விழுந்தா அப்புறம் நாம நடந்துதான் துரத்தணும்,” என்றான் பயூமி.

அவள் இன்னும் பலமாக மிதித்தாள்.

மூலிகைக் கடை ஒன்றின் முன் வெள்ளைக் கார் நின்றது. லம்லூம் உள்ளே போனார். பயூமியும் இறங்கிப் போய் அவர் முதுகுக்குப் பின்னாலேயே வரிசையில் நின்றான். திரும்பி வந்து கதவைச் சாத்தும்போது அவன் முகம் குழம்பியிருந்தது.

“கொய்யா இலை வாங்கறார். ஒரு கட்டு. அப்புறம் தேன். பக்கத்துக் கடையில கறுப்பு மார்க்கர் பேனா, ஒரு டப்பா.”

“கொய்யா இலையா?”

“இருமலுக்குக் காய்ச்சிக் குடிக்கறது. உஸ்தாஸா, நான் தொழில்ல நிறையப் பேரைப் பார்த்திருக்கேன். கடத்திட்டு வந்த ஆளுக்குக் கஷாயம் வெச்சுக் கொடுக்கற கடத்தல்காரனை இப்பத்தான் பார்க்கறேன். என்னைக் கூட யாராவது கடத்தினா தேவலை.”

“ஈரமான அறையில அடைச்சு வெச்சிருப்பான். சளி பிடிச்சிருக்கும்,” என்றாள் ரத்கா. “ஓட்டுங்க!”

துறைமுகத்தின் கிரேன்களும் தொழிற்சாலைப் புகையும் பின்னால் போயின. அஜமி வந்தது. கோடை விடுமுறைக்காரர்கள் இன்னும் வராத கடற்கரை வீடுகள், வரிசையாகக் கதவடைத்துக் கிடந்தன. சாலையில் பாதி வரை மணல் ஏறியிருந்தது. வெள்ளை மணல். லம்லூமின் கார் ஒரு குறுகிய தெருவின் கடைசி வீட்டுக்கு முன் நின்றது. பயூமி தெருமுனையிலேயே எஞ்சினை அணைத்தான்.

லம்லூம் பையோடு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

மூவரும் சுவரோரமாகப் போய் ஜன்னலுக்குக் கீழே பதுங்கினார்கள். பலகை அடைத்த ஜன்னல். உள்ளே லம்லூமின் குரல் கேட்டது.

“சூடா இருக்கு, மெதுவாக் குடிங்க.” மௌனம். “இல்லை, மதாம் ஃபோன் பண்ணலை.” மறுபடி மௌனம். “அதெல்லாம் கேட்காதீங்க. நாளைக்கு நான் பார்த்துக்கறேன்.” நீண்ட மௌனம். “வேண்டாம்னா வேண்டாம்! டாக்...” காற்று அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போனது.

ஒரு குரல்தான். இன்னொரு குரலே இல்லை.

“வாயைக் கட்டியிருக்கான்,” என்று இன்ஷிராஹ் உதட்டை மட்டும் அசைத்தாள். பயூமி சத்தமில்லாமல் காருக்குப் போய் ஜாக்கிக் கம்பியோடு வந்தான்.

போலீஸைக் கூப்பிடலாமா என்று அவள் யோசிப்பதற்குள் ரத்கா எழுந்துவிட்டாள். வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த தோள். கதவு ஒரே இடியில் திறந்தது.

“நாகி!”

மேஜையருகே நாற்காலியில் ஷம்ரூக் இருந்தார். கட்டு இல்லை, கயிறு இல்லை. கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. மடியில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்ன வெள்ளைப் பலகை. மனைவியைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. வாயைத் திறந்தார்.

சைக்கிள் டியூபில் ஆணி ஏறினால் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது.

“பேசாதீங்க!” என்று கத்திக்கொண்டு லம்லூம் பாய்ந்தார். “மிஸ்டர், உங்க காலைப் பிடிக்கறேன், ஒரு வார்த்தை பேசாதீங்க!”

“ஏய், அவர் வாயிலேர்ந்து கையை எடு!” பயூமி கம்பியை ஓங்கினான்.

“நான் எங்கே கையை வெச்சேன்?” லம்லூம் இரண்டு கையையும் தூக்கினார். ஒரு கையில் கொய்யா இலைக் கஷாயம் ததும்பியது.

ஷம்ரூக் நடுவில் வந்து நின்றார். மார்க்கரை எடுத்தார். பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, வகுப்பில் காட்டுகிற மாதிரி எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

*யாரும் என்னைக் கடத்தவில்லை. குரல் போய்விட்டது.*

பயூமியின் கம்பி தானாகவே இறங்கியது. இன்ஷிராஹ் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் கட்டிய கோட்டையில் இடம் சரியாக இருந்தது. சாட்சியும் சரியாக இருந்தது. குற்றம் மட்டும் இல்லை.

லம்லூம் கஷாயத்தை மேஜையில் வைத்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார். குரல்நாணில் ஒரு கட்டி. வரும் ஞாயிற்றுக்கிழமை அறுவை சிகிச்சை. அதுவரைக்கும் கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அறுவைக்கு அப்புறம் குரல் வரலாம், வராமலும் போகலாம். கட்டி எந்த ஜாதிக் கட்டி என்பதும் வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

“நாளைக்குக் கூட்டத்துக்கு என் படத்தை ஒட்டச் சொன்னது அவர்தான். நான் மாட்டேன்னுதான் சொன்னேன். ஆனா தமன்ஹூர் ஊர்ல ரகசியமா தினம் மூணு வகுப்பு எடுத்தே அவருக்குத் தொண்டை போச்சு, இதையாவது விடட்டும்னு...”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தமன்ஹூரா?” என்றாள் ரத்கா.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

“போன வருஷம் டாக்டர் சொன்னப்போ நான் உன் காலடியில உட்கார்ந்து அழுதேன்,” என்றாள் கணவனிடம். “வருஷத்துக்கு ஒரே ஒரு கூட்டம், அதோட நிறுத்திக்கறேன்னு என் தலையில கை வெச்சு சொன்னே. அச்சாபீஸ், அச்சாபீஸ்னு நீ போனதெல்லாம் தமன்ஹூருக்கா?”

ஷம்ரூக் பலகையைத் துடைத்தார். எழுதினார். *பயந்தேன்.*

“யாருக்கு?”

*உனக்கு.*

“எனக்கு பயந்து அஞ்சு நாள் என்னைச் சாகடிச்சியா? இன்னொருத்தன் வாயால சேதி அனுப்பி?”

அவர் மறுபடி பலகையைத் துடைக்கப் போனார். அவள் அதைப் பிடுங்கி மேஜையில் கவிழ்த்தாள். “நான் பாடம் படிக்க வரலை.”

அவருடைய கைகள் வெறுமையாகத் தொங்கின. பெரிய உடம்பு, பேருந்து முதுகெல்லாம் பார்த்த அந்த முகம், கேள்வி கேட்ட வாத்தியார் முன் நிற்கும் பையனைப் போல ஆகிவிட்டது. மெல்ல வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ரத்கா ஓரடி முன்னால் வந்து உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

“வேண்டாம்,” என்றாள். “அப்புறம் சொல்லு. ஞாயித்துக்கிழமை போகட்டும். எப்போ வருதோ அப்போ நீயே சொல்லு. வரலைன்னா அப்போ பார்த்துக்கலாம்.”

அவர் அந்தக் கையை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சத்தமே இல்லாத அழுகை.

இன்ஷிராஹ் மெல்ல வெளியே வந்தாள். லம்லூமும் பயூமியும் பின்னாலேயே வந்தார்கள். காற்று கொஞ்சம் தணிந்திருந்தது.

“மன்னிச்சுக்கங்க, மிஸ்டர் லம்லூம். உங்களைத் திருடன்னு நினைச்சுட்டேன்.”

“பொண்ணுக்கு இடம் கேட்டு வந்தது நீங்கதானே!” அவருக்கு இப்போதுதான் உறைத்தது. “எப்படிக் கண்டுபிடிச்சீங்க? நான் யார்கிட்டயும் வாயே திறக்கலையே.”

“‘இங்கே’ன்னு சொன்னீங்க. அந்தச் செய்தியில எல்லாத்தையும் மாத்தினீங்க, அதை மட்டும் மாத்தலை. அவர் பக்கத்துல நின்னுதானே பேசினீங்க?”

லம்லூம் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். “பக்கத்துலதான் நின்னேன். அப்புறம் எப்படி ‘அங்கே’ன்னு சொல்றது? தப்பாச்சே!”

“மதாம்கிட்ட கெய்ரோன்னு பொய் சொன்னீங்களே?”

“அது பொய். அது வேற.” அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “அன்னிக்கு ஒரே ஒரு தடவை, வேண்டாம் வேண்டாம்னு நான் கையைப் பிடிச்சும் கேட்காம, காத்து மாதிரி என் காதுல சொன்னார். ‘சொன்னார்’னு ஆரம்பிக்க மனசு வரலை. ‘கிசுகிசுத்தார்’னு போட்டேன். அது ஒண்ணாவது நிஜமா இருக்கட்டுமேன்னு.”

“ஆண்டவா,” என்றான் பயூமி. “பொய் சொல்றதுக்குக் கூட இவ்வளவு படிக்கணுமா? நல்ல வேளை, நான் ஃபெயிலாயிட்டேன்.”

இந்தத் தடவை லம்லூமே சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். “நாளைக்கு அந்த அரங்கத்துல நான் எப்படி நிக்கப்போறேன்னு தெரியலை, உஸ்தாஸா. அவர் குரலைக் கேட்கத்தான் பிள்ளைங்க வருதுங்க.”

அவளும் அவரோடு கடலைப் பார்த்து நின்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை லம்லூம் அரங்கத்தில் நின்றார். முதல் அரைமணி நேரம் பிள்ளைகள் கால்களைத் தரையில் தட்டி ஷம்ரூக் பெயரையே கத்தினார்களாம். அப்புறம் அடங்கினார்களாம். பயூமி வாசல் வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ரத்காவிடமிருந்து ‘முடிந்தது’ என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. கட்டி கெட்ட ஜாதி இல்லை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. குரலைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இன்ஷிராஹ் கேட்கவும் இல்லை. ஃபோனை எடுப்பாள், ரத்காவின் பெயரில் விரலை வைப்பாள், கீழே வைத்துவிடுவாள். ஒரு வக்கீலுக்கு எழுதிய அறிக்கையில் தப்பான ஆளின் பெயரைப் போட்டு, கடைசி நிமிஷத்தில் கிழித்தாள். தான் தப்பாகத் திருடன் என்று நினைத்த அந்த ஒல்லி மனிதர், கஷாயக் கிண்ணத்தோடு கையைத் தூக்கி நின்ற கோலம் கண்ணை விட்டுப் போகவில்லை.

தேர்வெல்லாம் முடிந்து, கடற்கரையில் குடைகள் விரிய ஆரம்பித்த ஒரு காலையில் அலுவலகத் தொலைபேசி அடித்தது. பயூமி மொச்சை மசித்த ஃபூல் சாண்ட்விச்சோடு போராடிக்கொண்டிருந்ததால் இன்ஷிராஹ்தான் எடுத்தாள்.

முதலில் வெறும் மூச்சு. பிறகு மணலில் எதையோ இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. மெலிந்த, பழக்கமில்லாத, நடுங்குகிற குரல்.

“நான்... நாகி ஷம்ரூக் பேசறேன்.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

“யாரு உஸ்தாஸா?” பயூமி வாய் நிறைய வைத்துக்கொண்டு கேட்டான். “என்ன சொல்றாங்க?”

அவள் ரிசீவரை அவன் பக்கம் நீட்டினாள்.

“நீயே கேளு.”